நீரிழிவும் சிறுநீரகமும்: உடலுக்குள் ஓயாத அபாயக் குரல்

நம் சங்கத்து அங்கத்தினரிடையே நீரிழிவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வார்த்தை தவறாமல் காதில் விழுகிறது. "சர்க்கரை மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்கினால் கிட்னி போய்விடும்" என்பதே அது. இதை நம்பி மாத்திரையைக் குறைத்துக்கொண்டவரும், அடியோடு நிறுத்திவிட்டவரும் தறிக்கூடத்திலும் உண்டு, களத்துமேட்டிலும் உண்டு. அவர்களே இடுப்பு வலி கண்டால் கடையில் பெயர் தெரியாத வலி மாத்திரையை வாங்கி, நாளுக்கு இரண்டாக மாதக்கணக்கில் உட்கொள்ளத் தயங்குவதில்லை. அஞ்ச வேண்டியது எது, அஞ்ச வேண்டாதது எது என்பது தலைகீழாக மாறிக் கிடக்கிறது. இதைச் சொல்லித் திருத்த வேண்டுமாயின், நீரிழிவு எவ்வழியே சென்று சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்பதைச் சற்று விரிவாகவே ஆராய வேண்டியிருக்கிறது.

நோயின் பரப்பை முதலில் காண்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த கணக்கெடுப்பின் முடிவு 2023ஆம் ஆண்டு வெளியாயிற்று. அதன்படி இந்தியாவில் 10 கோடிக்குச் சற்று மேற்பட்டோர் நீரிழிவுடையோர், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாயிற்படியில் நிற்பவர். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14.4 பேருக்கு இந்நோய் உண்டு. சென்னை நகரத்து நீரிழிவு நோயாளரைச் சோதித்து 2007இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், நூற்றுக்கு 27 பேர் அளவினருக்குச் சிறுநீரில் நுண்ணிய அளவில் ஆல்புமின் என்னும் புரதம் கசிந்திருந்தது, 2.2 பேருக்குச் சிறுநீரகச் சேதம் வெளிப்படையாகவே இருந்தது. இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். சேதம் முற்றியவர் ஒருவர் என்றால், தமக்குத் தெரியாமலே அவ்வழியில் அடியெடுத்து வைத்தவர் பன்னிருவர். அந்தப் பன்னிருவரை உத்தேசித்தே இதை எழுதுகிறோம்.

நம் சீமையில் ஒவ்வோர் ஊரும் ஒரு கண்மாயை நம்பி வாழ்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரை உடைத்துக்கொண்டால் மடைக்காரர் குரல் கொடுப்பார், தமுக்கு ஒலிக்கும். கேட்டவர் மண்வெட்டியும் கூடையுமாக ஓடி வந்து, உடைப்பில் மண்ணைக் கொட்டி அடைப்பர். அடைபட்டதும் குரல் ஓயும். ஆட்கள் வீடு திரும்புவர். நம் உடலில் முள் தைத்தாலும், சீழ் பிடித்தாலும் நடப்பது இதுவே. அடிபட்ட இடத்துச் செல்கள் சில இரசாயனப் பொருள்களை இரத்தத்தில் விடுகின்றன. அவை தமுக்கொலி போலச் சென்று வெள்ளணுக்களை அழைத்து வருகின்றன. இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. இதனையே மருத்துவர் அழற்சி என்பர். அழைப்பு விடுக்கும் அப்பொருள்களுக்குச் சைட்டோகைன்கள் என்று பொதுப்பெயர். நாம் அவற்றை அழற்சித் தூதுகள் என்று சொல்லிக்கொள்வோம்.

இனி வேறு விதமாக எண்ணிப் பாருங்கள். கரையில் உடைப்பு பெரிதில்லை. ஆனால் நாள்தோறும் சிறுகக் கசிகிறது. தமுக்கும் ஓயாமல் மெல்ல ஒலித்துக்கொண்டே இருக்கிறது. வந்த ஆட்கள் திரும்பார். கொட்டிய மண்ணின்மேல் மண்ணைக் கொட்டுவர். நாளடைவில் மடையே மண்மூடிப் போகும். கரையைக் காக்க வந்தவர்களாலேயே பாசனம் கெடும். நீரிழிவினால் சிறுநீரகம் கெடும் வரலாறு பெரும்பாலும் இதுதான். இதில் வலி இல்லை, சிவப்பு இல்லை, சூடும் இல்லை. தூது மட்டும் ஓய்வதில்லை.

இந்தத் தூது எங்கிருந்து கிளம்புகிறது? விஞ்ஞானிகள் எதிர்பாராத இடம் ஒன்று 1993இல் அகப்பட்டது. அமெரிக்காவில் ஹோட்டாமிஸ்லிகில், ஸ்பீகல்மன் முதலியோர் பருத்த எலிகளின் கொழுப்பை ஆராய்ந்தபோது, அக்கொழுப்பே டி.என்.எஃப். ஆல்ஃபா என்னும் தூதை மிகுதியாகச் சுரக்கக் கண்டனர். அத்தூதைச் செயலற்றதாக்கிய எலிகளில் இன்சுலின் முன்னிலும் நன்றாக வேலை செய்தது. அதுவரை கொழுப்பென்பது களஞ்சியத்தில் கட்டி வைத்த மூட்டை போல வாளாவிருப்பது என்றே கருதப்பட்டு வந்தது. அது பேசும் உறுப்பு என்பது அன்றுதான் விளங்கிற்று. 2003இல் மேலும் ஒன்று தெரிந்தது: பருத்த உடலின் கொழுப்பினுள்ளே மாக்ரோஃபேஜ் எனப்படும் வெள்ளணுக்கள் கூட்டமாகக் குடியேறியிருக்கின்றன, தூதின் பெரும்பங்கை விடுப்பவை அவையே.

இன்சுலின் என்பது செல்லின் கதவைத் தட்டிச் சர்க்கரையை உள்ளே அனுப்பும் சுரப்பு. கதவைத் தட்டியதும் செல்லினுள் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாறுவதுபோலச் செய்தி செல்ல வேண்டும். டி.என்.எஃப். போன்ற தூதுகள் அந்த வரிசையின் முதற்கையையே கட்டிவிடுகின்றன. தட்டும் ஓசை கேட்கிறது, கதவு திறப்பதில்லை. சர்க்கரை இரத்தத்திலேயே தங்குகிறது. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து பார்த்துச் சில ஆண்டுகளில் களைத்துப் போகிறது. நடுவயதில் வரும் இரண்டாம் வகை நீரிழிவின் பிறப்பில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. சிறுவயதில் வரும் முதல்வகையின் பிறப்பு வேறு; ஆயினும் சிறுநீரகத்துக்கு வரும் கேடு இரு வகைக்கும் பொதுவானது.

"நான் ஒல்லி, எனக்கு ஏது கொழுப்பு?" என்று நம்மவர் கேட்பர். கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய உடல்வாகு நம் நாட்டாரிடையே மிகுதி. வயிற்றினுள் குடலைச் சூழ்ந்து படியும் கொழுப்பே அதிகமாகத் தூது விடுவது. ஆகவே எடையைவிட இடுப்பளவே நமக்குத் தக்க அளவுகோல். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேற்பட்டால் எச்சரிக்கை கொள்ள வேண்டும் என்பது நம் மக்களுக்கென வகுத்த கணக்கு. ஓர் அளவு நாடா இருந்தால் இன்று மாலையே பார்த்துவிடலாம்.

இச்செய்திகள் நம் நாட்டு உடலிலும் மெய்யாகின்றனவா என்பதைச் சென்னையிலேயே சோதித்திருக்கின்றனர். தமிழ்நாட்டில் நீரிழிவுக்கெனத் தனி மருத்துவப் பிரிவு ஸ்டான்லி மருத்துவமனையில் 1948இல் பேராசிரியர் எம். விசுவநாதன் அவர்களால் தொடங்கப்பெற்றது. அவருடைய புதல்வர் டாக்டர் வி. மோகன் முன்னின்று நடத்திய சென்னை நகர்ப்புற ஆய்வில் 26,001 பேர் சேர்க்கப்பட்டனர். அவ்வாய்வின் ஒரு பகுதியாக 2005இல் வெளிவந்த கட்டுரை, அழற்சியின் அடையாளமாக இரத்தத்தில் தோன்றும் சி-ரியாக்டிவ் புரதம், உடற்கொழுப்போடும் நீரிழிவோடும் சேர்ந்தே ஏறுவதைக் காட்டிற்று. இதே ஆய்வின் மற்றொரு கிளை வியப்பானது. யானைக்கால் நோயின் புழு உடலில் தங்கியவர் நீரிழிவு நோயாளரிடையே குறைவு என்றும், நீரிழிவோடு அப்புழுவும் உடையவருக்கு டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 ஆகிய தூதுகள் மட்டுப்பட்டிருக்கின்றன என்றும் 2010இல் அறிவித்தனர். தான் பிழைத்திருப்பதற்காகப் புழு நம் உடலின் தமுக்கை அடக்கி வைக்கிறது போலும். இதைப் படித்துவிட்டு யாரும் கொசுவலையைக் கழற்ற வேண்டா. தூதுக்கும் சர்க்கரைக்கும் உள்ள உறவு எத்துணை ஆழமானது என்பதற்காகவே கூறினோம்.

இனிச் சிறுநீரகத்துக்கு வருவோம். இரண்டு சிறுநீரகங்களிலும் தலைக்குச் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் உண்டு. ஒவ்வொன்றும் மயிரிழையினும் மெல்லிய இரத்தக் குழாய்கள் சுருண்ட ஒரு சிறு பந்து. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர் இவற்றின் வழியே வடிந்து, ஒன்றரை லிட்டர் போகமீதி இரத்தத்துக்கே திரும்புகிறது. தறியின் அச்சுப் பற்களுக்கிடையே இழை செல்வதைப் போல, இவ்வடிகட்டியின் சுவரிலுள்ள நுண்ணிடைவெளிகளின் வழியே நீரும் உப்பும் செல்லும், ஆல்புமின் செல்லாது. அச்சுப் பல் வளைந்தால் துணியில் கோளாறு தெரிவதுபோல, வடிகட்டி கெட்டால் சிறுநீரில் ஆல்புமின் தெரியும். பல் ஒன்று இரண்டு வளைந்த காலத்தில் நெசவாளர் கண்ணுக்கு அது புலப்படும். சிறுநீரில் அந்நிலை யார் கண்ணுக்கும் புலப்படாது. சோதனைக்கு மட்டுமே புலப்படும்.

சர்க்கரை மிகுந்த இரத்தம் இவ்வடிகட்டிகளினூடே ஆண்டுக்கணக்கில் ஓடும்போது இரண்டு கேடுகள் ஒருங்கே நிகழ்கின்றன. முதலாவது அழுத்தம். வடிகட்டிக்குள் வரும் குழாய் அகன்றும், வெளியேறும் குழாய் குறுகியும் போவதால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. வரத்துக்கால் அகன்று மடை குறுகினால் கரை என்ன பாடுபடும் என்பதை உழவருக்குச் சொல்ல வேண்டுவதில்லை. வெளியேறும் குழாயைக் குறுக்குவதில் ஆஞ்சியோடென்சின் என்னும் பொருளுக்குப் பெரும்பங்கு உண்டு.

இரண்டாவது தூது. மிகுந்த சர்க்கரையும், மிகுந்த அழுத்தமும், அந்த ஆஞ்சியோடென்சினும் ஆகிய மூன்றும் வடிகட்டிச் செல்களின் உள்ளே ஒரே விசையைத் தட்டுகின்றன. அவ்விசைக்கு என்.எஃப். கப்பா பி என்று பெயர். 1986இல் ரஞ்சன் சென் என்னும் இந்திய விஞ்ஞானியும் டேவிட் பால்டிமோரும் அமெரிக்காவில் அதைக் கண்டறிந்தனர். விசை தட்டப்பட்டதும் எம்.சி.பி.-1 என்னும் தூது புறப்படுகிறது. வெள்ளணுக்களைச் சிறுநீரகத்துக்குள் வரவழைப்பது அதன் தொழில். வந்த வெள்ளணுக்கள் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 என்று மேலும் தூது விடுகின்றன; அதைக் கேட்டு மேலும் வெள்ளணுக்கள் வருகின்றன. எம்.சி.பி.-1 உண்டாகாதபடி பிறப்பிலேயே மாற்றப்பட்ட எலிகளுக்கு நீரிழிவை உண்டாக்கிப் பார்த்தபோது, சர்க்கரை ஏறியிருந்தும் சிறுநீரகச் சேதம் குறைந்தே காணப்பட்டது என்று 2006இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் தெரிவித்தனர். சர்க்கரை மூட்டிய தீயைப் பரப்புவதில் தூதின் பங்கு எவ்வளவு என்பதற்கு இது நல்ல சான்று.

கடைசியாக வருவது டி.ஜி.எஃப். பீட்டா. இதன் தொழில் மண் கொட்டுவது. புண் ஆறிய இடத்தில் தழும்பு உண்டாவது இதனால்தான். அங்கே அது நன்மை. வடிகட்டியினுள் தழும்பு விழுந்தால் அந்த வடிகட்டி செத்தது. நீரிழிவு நோயாளரின் சிறுநீரகத்தில் இவ்விதத் தழும்பு முடிச்சுகளைக் கிம்மெல்ஸ்டீல், வில்சன் என்ற இருவர் 1936இலேயே நுண்ணோக்கியில் கண்டு எழுதிவிட்டனர். முடிச்சைக் கண்டனரே அன்றி, முடிச்சிட்ட கை எது என்பது விளங்க அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. தழும்பான வடிகட்டி மீள்வதில்லை. எஞ்சியவை அதன் வேலையையும் சேர்த்துச் செய்வதால் அவற்றின் அழுத்தம் இன்னும் ஏறுகிறது. பாதிக்கு மேல் கெடும்வரை உடம்பில் ஒரு குறியும் தெரியாதிருப்பது இதனாலேயே. கால் வீங்கி, பசி கெட்டு, மூச்சு வாங்கி மருத்துவரிடம் செல்லும் நாளில் பெரும்பகுதி போயிருக்கும்.

இரத்தத்தில் தூதை அளந்து, யாருடைய சிறுநீரகம் கெடப் போகிறது என்று முன்னமே சொல்ல முடியுமா? அமெரிக்காவில் ஜாஸ்லின் நீரிழிவு நிலையத்தார் இரண்டாம் வகை நோயாளர் 410 பேரைப் பன்னிரண்டு ஆண்டு அளவில் தொடர்ந்து பார்த்து, 2012இல் ஒரு விடை தந்தனர். டி.என்.எஃப். தூதை ஏற்கும் புரதம் இரத்தத்தில் உண்டு. அது மிக மிகுந்திருந்த கால்பங்கினரில் நூற்றுக்கு 54 பேர் சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கும் நிலையை எட்டினர். ஏனைய முக்கால்பங்கினரில் அவ்வாறு எட்டியவர் நூற்றுக்கு 3 பேரே. அச்சோதனை நம் ஊர்களில் நடைபெறுவதன்று. எனினும் தூது முன்னே செல்ல, சேதம் பின்னே வருகிறது என்பதை அது ஐயமற நிறுவியிருக்கிறது.

இங்கே அங்கத்தினர் ஒருவர் எழுந்து கேட்கலாம்: "நோய்க்கு அழற்சி காரணமென்றால், அழற்சியைத் தணிக்கும் வலி மாத்திரையே மருந்தாகுமே! நான் அதைத்தானே தின்றுகொண்டிருக்கிறேன்?" கேள்வி நியாயமானது, விடையில்தான் ஆபத்து இருக்கிறது. மான்செஸ்டரில் வில்லியம்சன் என்ற மருத்துவர் 1901ஆம் ஆண்டிலேயே ஆஸ்பிரினுக்கு உறவான சோடியம் சாலிசிலேட்டைப் பெருமளவில் கொடுத்து, நோயாளரின் சிறுநீரில் சர்க்கரை குறைந்ததை எழுதி வைத்தார். காரணம் அன்று யாருக்கும் தெரியவில்லை. நூறாண்டு கழிந்து, சாலிசிலேட் அந்த என்.எஃப். கப்பா பி விசையை அடக்குகிறது என்பது விளங்கிற்று. உடனே அதே இனத்துச் சால்சலேட் என்ற மருந்தை வைத்து அமெரிக்காவில் முறையான சோதனை நடத்தினர். 2013இல் முடிவு வந்தது. சர்க்கரை சிறிதே குறைந்தது. ஆனால் சிறுநீரில் ஆல்புமின் ஏறிற்று. எந்த உறுப்பைக் காக்க வேண்டுமோ அதற்கே சங்கடம்! இன்டர்லூக்கின்-1 என்ற ஒரே தூதை மட்டும் அடக்கும் விலையுயர்ந்த ஊசியைப் பத்தாயிரம் பேருக்கு மேல் கொண்டு சோதித்து 2017இல் வெளியிட்டனர். மாரடைப்பு குறைந்தது, தொற்றுநோயால் இறப்பு மிகுந்தது, புதிதாக நீரிழிவு வருவதை அது தடுக்கவில்லை. தமுக்கை முற்றிலும் பிடுங்கிக்கொண்டால், மெய்யாகவே கரை உடையும் நாளில் ஊரை எழுப்ப ஆளில்லை.

கடையில் வாங்கும் வலி மாத்திரையின் கதை இதனினும் மோசமானது. டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், அசெக்ளோஃபெனாக் போன்றவை புராஸ்டகிளாண்டின் என்னும் பொருளை உண்டாகவொட்டாமல் தடுத்து வலியைத் தணிக்கின்றன. அதே புராஸ்டகிளாண்டின்தான் வடிகட்டிக்குள் இரத்தம் வரும் குழாயைத் திறந்து வைத்திருப்பது. அது தடைப்பட்டால் வரத்து சுருங்குகிறது. திடமான சிறுநீரகம் இதை இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளும். நீரிழிவால் ஏற்கெனவே நலிந்த சிறுநீரகம், சித்திரை வெயிலில் களையெடுத்து உடலில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில், இரத்த அழுத்த மாத்திரையும் சேர்ந்திருக்க, இதைப் பொறுக்காது. சில நாளிலேயே செயலிழக்கவும் கூடும். குழித்தறியில் அமர்ந்து கண்டாங்கிச் சேலை நெய்பவருக்கு இடுப்பு வலி தொழிலோடு ஒட்டிப் பிறந்தது. அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எமக்கு உரிமையில்லை. வெந்நீர் ஒற்றடம், மேலே பூசும் தைலம், மருத்துவர் குறித்த அளவில் பாராசிட்டமால், மணிக்கொருமுறை தறிக்குழியை விட்டு எழுந்து நிமிர்தல் ஆகிய இவை முதலில் செய்யத்தக்கவை. என்ன சேர்ந்திருக்கிறது என்று சொல்லப்படாத பொடியும் பஸ்பமும் வலி மாத்திரையின் கூட்டத்திலேயே வைக்கத்தக்கவை.

சர்க்கரை மாத்திரையின் மேல் சுமத்தப்பட்ட பழியை இப்போது நீக்கலாம். மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் வேறு காரணத்தால் மிக நலிந்துவிட்டால் அம்மருந்து உடலில் தங்கிவிடும் என்பதற்காக, மருத்துவர் அளவைக் குறைப்பர் அல்லது நிறுத்துவர். "நிறுத்தச் சொன்னார்கள், ஆகவே அதுதான் கெடுத்தது" என்று முடிவு கட்டுவது, தீயணைப்பு வண்டி வந்த வீடுகளே எரிகின்றன, ஆகவே வண்டிதான் எரித்தது என்பது போலாகும். மாத்திரையை விட்டவருக்குச் சர்க்கரை ஏறுகிறது, விசை தட்டப்படுகிறது, தூது புறப்படுகிறது.

அழுத்தத்தையும் தூதையும் ஒருங்கே தணிக்கும் மருந்துகளும் இன்று உள்ளன. ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் லோசார்டானை நீரிழிவுச் சிறுநீரக நோயாளருக்குக் கொடுத்து நடத்திய சோதனையில், சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கும் அபாயம் நூற்றுக்கு 28 பங்கு குறைந்ததென 2001இல் அறிவிக்கப்பட்டது. எனலாப்ரிலும் இவ்வழியைச் சேர்ந்ததே. இரண்டும் விலை குறைந்தவை. கர்ப்பிணிகளுக்கு இவை ஆகா. உட்கொள்பவர் இரத்தத்தில் பொட்டாசியத்தின் அளவை அவ்வப்போது பார்க்க வேண்டும். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் கானாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் முதலிய புதிய மருந்துகள் 2019, 2020 ஆண்டுகளின் சோதனைகளில் சிறுநீரகத்தைச் சிறப்பாகக் காத்தன. கானாக்ளிஃப்ளோசின் உட்கொண்டவரின் இரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 முதலிய அழற்சி அடையாளங்கள் தணிந்ததையும் அளந்திருக்கின்றனர். டாபாக்ளிஃப்ளோசினைப் பல கம்பெனிகள் நம் நாட்டில் தயாரிக்கத் தொடங்கிய பின் அதன் விலை இறங்கியிருக்கிறது. இவற்றுள் எது யாருக்கு ஏற்றது என்பது மருத்துவர் முடிவு.

மருந்தில்லாமலும் தூதைத் தணிக்கலாம். டாக்டர் அ. இராமச்சந்திரன் நம் நாட்டில் நடத்தி 2006இல் வெளியிட்ட தடுப்பு ஆய்வில், நோயின் வாயிற்படியில் நின்ற 531 பேர் சேர்ந்தனர். அறிவுரை பெறாத கூட்டத்தில் மூன்றாண்டில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது; உணவையும் நடையையும் திருத்திக்கொண்ட கூட்டத்தில் 39 பேருக்கே வந்தது. நம் சீமையின் பலகாரப் பெருமையை யாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் கந்தரப்பமும் மாவுருண்டையும் விருந்துக்குரியவை, அன்றாடத்துக்கு அல்ல. கவுனி அரிசியின் தவிடு நல்லது. அதன்மேல் கொட்டும் சர்க்கரை அதைக் கெடுக்கிறது. கருப்பட்டியும் வெல்லமும் இரத்தத்துக்குச் சர்க்கரையே. வெற்றிலையோடு புகையிலை அடக்குபவரின் ஈறு புண்பட்டுச் சீழ் பிடித்திருந்தால், அதுவும் ஓயாமல் தூதனுப்பும் ஒரு கசிவே. ஈறு நோய்க்கு முறையாக வைத்தியம் செய்துகொண்டவருக்குச் சர்க்கரையும் ஓரளவு இறங்குகிறது என்பது பல சோதனைகளில் கண்டது.

இதையெல்லாம் கிராமத்தில் நடத்திக் காட்ட முடியுமா என்று ஐயுறுவோருக்கு ஒரு முன்மாதிரி உண்டு. சென்னையில் புகழ்பெற்ற சிறுநீரக மருத்துவர் டாக்டர் எம். கே. மணி, சிறுநீரக மாற்று அறுவையும் டயாலிசிஸும் ஏழைகளுக்கு எட்டாதவை என்பதை நேரில் கண்டவர். கெட்ட பின் ஓடுவதைவிடக் கெடுமுன் காப்பதே வழியென்று, கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் என்ற அறநிலையத்தின் வாயிலாகச் சென்னைக்கு அருகேயுள்ள கிராமங்களில் சுமார் 25,000 மக்களிடையே ஒரு திட்டத்தை நடத்தினார். பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடுவீடாகச் சென்று இரத்த அழுத்தம் பார்த்தனர். சிறுநீரில் சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தின் துளிகளை விட்டனர். புரதம் இருந்தால் நீர் பால்போலக் கலங்கும். பெனடிக்ட் கரைசலோடு காய்ச்சினர்; சர்க்கரை இருந்தால் நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறமாகும். நோய் கண்டவருக்கு மலிவான பழைய மருந்துகளையே கொடுத்தனர். 2003இல் அவர் வெளியிட்ட கணக்கின்படி, அம்மக்கள்தொகைக்கு ஆளொன்றுக்கு ஆண்டொன்றுக்கு ஆன செலவு அமெரிக்க டாலரில் கால்பங்கை ஒட்டியதே. ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் நிர்வாகக் குழு இக்கணக்கை ஒருமுறை எடுத்து விவாதிப்பது வீண்போகாது.

இன்று நமக்கு அத்துணைச் சிரமமும் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகள் வீட்டுக்கே கொண்டுவந்து தரப்படுகின்றன. சிறுநீரகம் காக்கும் திட்டமென 2023இல் தொடங்கியதன்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களில் நிறம் மாறும் பட்டை கொண்டு சிறுநீரில் புரதத்தைப் பார்க்கின்றனர். விரல்நுனி இரத்தத்தில் சர்க்கரை காட்டும் சிறு கருவியும் பலர் வீட்டில் உண்டு. அப்பட்டையில் நடப்பது ஒரு மின்வேதியியல் வினை. அந்தச் சாஸ்திரத்துக்கென்றே அழகப்பச் செட்டியார் அவர்கள் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளித்து, 1953இல் நம் காரைக்குடியில் மத்திய ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பெற்றது என்பதை இவ்விடத்தில் நினைவுகூராமல் இருக்க முடியவில்லை.

சிறுநீரகம் முற்றிலும் கெட்டவர் வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸில் படுத்திருக்க வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அதன் கட்டணம் அடங்குகிறது. போக்குவரத்தில் கழியும் பொழுதும், நின்றுபோன தறியும் அடங்கா. ஆகவே சோதனையை ஒத்திப்போடுவதில் யாருக்கும் ஆதாயமில்லை.

நீரிழிவுடைய ஒவ்வோர் அங்கத்தினரும் ஆண்டுக்கொருமுறை இரண்டு சோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும். ஒன்று, சிறுநீரில் ஆல்புமினுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம். மற்றொன்று, இரத்தத்தில் கிரியாட்டினின். சாதாரணப் பட்டைச் சோதனை பெருங்கசிவையே காட்டும். நுண்கசிவு அதில் தப்பிவிடும். ஆகவே பட்டையில் "இல்லை" என்று வந்தாலும் விகிதச் சோதனையைக் கேட்டு வாங்க வேண்டும். விகிதம் 30 மில்லிகிராமுக்குக் கீழிருந்தால் நலம். 30 முதல் 300 வரை நுண்கசிவு. அதற்கு மேல் பெருங்கசிவு. நுண்கசிவு நிலையில் சர்க்கரையையும் அழுத்தத்தையும் கட்டினால் பலருக்கு அது குறைகிறது. சிலருக்கு மறைந்தே போகிறது. காலையில் எழுந்ததும் கழிக்கும் முதற்சிறுநீரே தக்கது. காய்ச்சல் கண்ட நாளிலும், மூத்திரக் கடுப்புள்ள நாளிலும், கடும் உழைப்புக்கு மறுநாளும், மாதவிலக்கு நாளிலும் கொடுத்தால் கணக்குத் தவறும். மிகுதியாக வந்துவிட்டால் அஞ்ச வேண்டா; மூன்று மாதத்துக்குள் இன்னும் இரண்டு முறை பார்த்து, மூன்றில் இரண்டு மிகுந்திருந்தால் மட்டுமே நோயென்று கொள்வது மருத்துவர் வழக்கம். சீட்டில் தேதியைக் குறித்து, சங்கத்துப் பாஸ் புத்தகத்தின் உறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு மருத்துவர் முதலில் கேட்பது அந்தப் பழைய சீட்டைத்தான்.